ஒரு மணிக்குச் சொன்னது

என் அக்கா கணவருக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'பொறுங்க சார்'. ஜிஹாதி அமைப்புகளின் அறிக்கைகளைப் பதினெட்டு வருடமாக ஆராய்கிற பேராசிரியர். எங்கே குண்டு வெடித்தாலும் அவருக்குத்தான் போன் வரும். யார் செய்தது என்று கேட்டால், "பொறுங்க, இன்னும் தெரியல" என்பார். இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் எதற்கு, நானே சொல்வேனே என்று அக்காவிடம் கிண்டல் செய்திருக்கிறேன்.

சந்தையில் குண்டு வெடித்து ஒன்பது பேர் செத்த அன்று மட்டும் மனிதர் பொறுக்கவில்லை. ஜிஹாதி அமைப்பு ஒன்றின் பெயரில் ஓர் அறிக்கை எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் உதவியதாகவும் அதில் இருந்தது. "ஒரே வரி போதும் சார்" என்று நிருபர் நச்சரிக்க, மதியம் ஒரு மணிக்கு அத்தான், "அவங்க எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டார். அது டிவியில் ஓடியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் ஸ்டூடியோவுக்கு நான்தான் கார் ஓட்டினேன். அறிக்கையை மறுபடி படித்தவர், "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்றார்.

அந்த அமைப்பின் அறிக்கைகளில் கொலைகாரர்களைப் புகழும் வரி ஒன்று தவறாமல் வருமாம். அதை நாமே பரப்ப வேண்டாம் என்று, தன் புத்தகத்தில் மாதிரிக்கு ஓர் அறிக்கையை அச்சிட்டபோது அத்தான் அந்த வரியை வெட்டியிருந்தார். இதிலும் அது இல்லை. எவனோ அவர் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான்.

"போலின்னு மட்டும் சொல்லுங்க அத்தான். புத்தகத்தை ஏன் இழுக்கறீங்க? வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"எப்படித் தெரியும்னு சொல்லலேன்னா யாரு நம்புவா?"

நேரலையில் ஒன்று விடாமல் சொன்னார். அவசரப்பட்டது தன் தப்பு என்றும் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று மறுநாள் காலையே பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பிவிட்டது.

அன்றே பள்ளிவாசல் தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே ஒரு தையல்கடை மட்டும் நொறுங்கிக் கிடந்தது. முந்தின நாள் மூன்று மணிக்குக் கூட்டமாக வந்தார்களாம். தையல்காரர் வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கையால் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அத்தானை அடையாளம் தெரிந்தது. "நேத்து சாயங்காலம் டிவில பார்த்தேன் சார். நீங்க சொல்லலேன்னா தெருவே போயிருக்கும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவர் மறுபடி குனிந்து பெருக்க ஆரம்பித்தார். "மத்தியானம் பேசினதையும் பார்த்தேன்" என்றார்.