ஆணியில் தொங்கிய சாரம்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு விடுதியில் அறை கூட்டுகிறேன்.

வருடந்தோறும் திருகோணமலையிலிருந்து ஒரு பெரியவர் வாவி பார்க்க வருவார். போகும்போது தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் துவைத்து அறை ஆணியில் விட்டுப்போவார். "அடுத்தமுறைக்குக் கிடக்கட்டும்" என்பார்.

இம்முறை கன்னம் ஒட்டி, மகளின் கையைப் பிடித்து வந்தார். புறப்படும்போது சாரத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"ஐயா, சாரத்த விட்டுட்டுப் போகல்லயா?"

"மெதுவாக் கதைங்க, தங்கச்சி, மகளுக்குக் கேட்டிரும். அவ அடுத்த வருசத்துக்கும் இந்த அறையச் சொல்லி வெச்சிட்டா."

வாசலில், மகளின் காதில் விழும்படி, "மாசியில வாறன். அறைய ஆருக்கும் குடுத்திராதீங்க" என்றார்.

"ஓம், ஐயா" என்றேன்.

அவ்வளவு இயல்பாக அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் வந்தவர்கள் அந்த ஆணியில் ஈரத் துவாயைத் தொங்கவிட்டார்கள்.