பொறிவண்டுக்குப் புள்ளி வைத்தவர்

அந்த ஊரில் பொறிவண்டுக்குப் புள்ளி வைத்துப் பிழைத்த ஒரே ஆள் அவர்தான். எல்லோரும் புள்ளிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அதற்கு முன்னால் பகடைக்காய் செய்யும் பட்டறையில் இருந்தார். கை கொஞ்சம் தாராளம். ஆறு வைக்க வேண்டிய பக்கத்தில் ஏழு வைத்துவிடுவார். விளையாடியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, அவருக்கு வேலை போயிற்று. பிறகு பொம்மைத் தொழிற்சாலையில் கண்மணி எழுதினார். எப்போது மணி அடிக்கும் என்று கதவைப் பார்த்தபடியே எழுதியதால் எல்லாப் பொம்மைகளும் கதவையே பார்த்தன. வாங்கியவர்கள் யாரோ வருவதாக எண்ணித் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்கள். அந்த வேலையும் போயிற்று. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த மனைவி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மூன்றாவதாகக் கிடைக்கும் வேலையாவது நிலைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது.

மூன்றாவது வேலை வண்டுப் பண்ணையில். அங்கே அவரைக்காய்ச் செடிகளில், சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை வளர்த்து, அதைப் பொறிவண்டுகளுக்குத் தின்னக் கொடுத்து, வண்டுகளைத் தோட்டக்காரர்களுக்கு விற்பார்கள். தோட்டக்காரர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்றால், அசுவினியை ஒழிக்க. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

முட்டையிலிருந்து வருவது குட்டி முதலை மாதிரி ஒரு கறுப்புப் புழு. தின்பதைத் தவிர அதற்கு வேறு சிந்தனை கிடையாது. தின்று முடித்து இலையில் ஒட்டிக்கொண்டு கூடாகிவிடும். ஒருநாள் விடியும்போது கூட்டைக் கிழித்துக்கொண்டு வண்டு வரும். சிவப்பும் இல்லை, புள்ளியும் இல்லை, வெளிறிய மஞ்சளாக மெத்தென்று வந்து நிற்கும். பண்ணை தொடங்கும்வரை முதலாளியம்மா சோப்பு விற்றவர். சரக்கு புதிதாக இருக்கும்போதே பெட்டியில் ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. பெட்டியின் மேல் அச்சடித்த வண்டுக்கு ஏழு புள்ளி, உள்ளே இருக்கும் வண்டுக்கு ஒன்றுகூட இல்லை என்றால் சோப்பு வியாபாரத்தில் அதற்குப் பெயர் மோசடி. அதனால் புள்ளி வைக்க ஆள் எடுத்தார்.

புள்ளிக்காரர் வண்டுகளைச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் செய்வார். பிறகு ஒற்றை மயிர்த் தூரிகையால் இடது இறக்கையில் மூன்று, வலதில் மூன்று, கழுத்தருகே இரண்டு இறக்கைக்கும் பொதுவாக ஒன்று. சில வண்டுகள் செத்ததுபோல் பாசாங்கு செய்து, கால் மூட்டிலிருந்து மஞ்சள் நீரைக் கசியவிடும். அந்த நாற்றம் போக மனைவி அவரை இரண்டு தரம் கை கழுவ வைத்துத்தான் சோறு போடுவாள். அவருக்கு அதிலும் ஒரு பெருமை.

அப்போதுதான் தோட்டக்காரர்களிடமிருந்து புகார் வந்தது. பெட்டியைத் திறந்தால் வண்டுகளுக்குப் பதினான்கு புள்ளி. முதலாளியம்மா பகடைக்காய்க் கதையை எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கையைச் சுருக்காவிட்டால் கணக்கை முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஏழுக்கு மேல் ஒன்றுகூட வைக்கவில்லை என்று புள்ளிக்காரருக்கு நன்றாகத் தெரியும். வழியில் வண்டி ஓட்டுநர்தான் மீதியை வைக்கிறார் என்று நினைத்து, இரண்டு நாள் அவருடைய விரல்களில் மை தெரிகிறதா என்று பார்த்தார்.

கடைசியில் மனைவியையே சாட்சியாக வைத்துக்கொள்ள முடிவு செய்து, ஒரு விடுமுறை நாளில் ஒரு தட்டு வண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாதிக்கு அவள் கண் முன்னால் ஏழேழு புள்ளி வைத்தார். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால் வைத்தவற்றில் பதினான்கு. வைக்காதவை சிவந்துபோய், அவற்றில் கச்சிதமாக ஏழு.

“நீயா வெச்ச? என்னவிட நல்லா வெச்சிருக்கியே” என்றார்.

“நான் கிட்டயே போகலைங்க. அதுவா வருது” என்றாள் அவள்.

உண்மையைச் சொன்னால் பழி போகும், கூடவே வேலையும் போகும். சொல்லாவிட்டால் தாராளக் கை என்று வேலை போகும். இத்தனை நாளும் தேவையே இல்லாத ஒன்றை உயிரைக் கொடுத்துச் செய்ததை நினைக்கத்தான் அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளியம்மா வண்டுகள்மீதுதான் கோபப்பட்டார்.

“அதுங்களே வெச்சுக்கும்னா உங்களுக்கு நான் எதுக்குச் சம்பளம் குடுக்கணும்?”

“எனக்கும் தெரியலம்மா.”

நடுவில் அதுகள் பாதியோடு நிறுத்திவிட்டால் யார் கேட்பது என்ற கவலை முதலாளியம்மாவுக்கு வந்தது. எனவே புள்ளி வந்து முடியும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதன் பிறகே பெட்டியில் போட வேண்டும் என்று தீர்மானித்து, அந்த வேலையைப் புள்ளிக்காரருக்கே கொடுத்தார். உட்கார்ந்திருப்பதில் அவர் பிழையே செய்யவில்லை. பண்ணை பெருகியது. எலுமிச்சை மஞ்சளில் நெருக்கமாகக் கறுப்புப் புள்ளி கொண்டவை, கறுப்பில் இரண்டே சிவப்புப் புள்ளி கொண்டவை என்று புது ஜாதிகள் வந்தன. எல்லாம் அவர் கண் முன்னால் ஒழுங்காகப் புள்ளி வைத்துக்கொண்டன.

ஒன்றைத் தவிர. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்டு, மொட்டையாக, சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. சலவைக்கூட வேலை முடிந்து பண்ணைப் பக்கம் வந்த மனைவி அவர் இன்னும் எழாததைப் பார்த்து உள்ளே வந்தாள். அவர் கையில் பழைய தூரிகை இருந்தது.

“இதுக்கு மட்டும் வரல. நாளைக்குக் கழிச்சுக் கட்டிடுவாங்க. ஒரு ஏழு வெச்சு விட்டுடட்டுமா?”

“தின்னுதா?”

“நல்லாத் தின்னுது.”

“பறக்குதா?”

“ம்.”

“அப்புறம் என்ன? போன எடத்துல எல்லாம் உங்களையுந்தான் கழிச்சுக் கட்டினாங்க. நான் என்ன, புள்ளி வெச்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்?”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் செடியில் விட்டார்கள். அது முதலில் அகப்பட்ட அசுவினியைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. புள்ளிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் எதற்கும் காத்திருக்கவில்லை.