முதலாளி செல்லுக்குப் போன ஓடிபி

உதவித்தொகை இணையதளத்தை இன்று சாயங்காலத்தோடு மூடிவிடுவார்களாம். சொன்னவள் தோழி சுகன்யா. அவளுக்குச் சொன்னது செய்யாற்றில் படிக்கும் அவளுடைய அத்தை மகள். நிஜமா என்று விசாரிக்கப் பொறுமையில்லாத ஜெயப்ரியா, தறியில் உட்கார்ந்திருந்த அம்மா தெய்வநாயகியை அப்படியே கிளப்பிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடினாள். அந்தத் தொகை வந்தால்தான் அவளுக்கு மூன்றாம் ஆண்டு கல்லூரி.

எல்லாம் மளமளவென்று நடந்தது. மையத்து ஹேமநாத் கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு, "ஓடிபி வந்துச்சாம்மா?" என்றான்.

வரவில்லை.

"ஆதார்ல வேற யாரோ நம்பர் இருக்குதே. யாருதுங்க?"

தெய்வநாயகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மொதலாளிது. ஆதார் எடுத்தப்ப எங்களாண்ட ஏது செல்லு? தெருவே அவர் நம்பரைத்தான் குடுத்துச்சு."

"நல்ல தெருதான் போங்க! காலைலேர்ந்து வந்துகினு இருக்கற புள்ளைங்க ஓடிபி பூரா அவருக்குத்தான் போவுதா? மனுஷன் பேஜாராயிருப்பாரு. ஓடிபி பத்தே நிமிஷம்தான் செல்லும், ஜல்தி போன் போடுங்க."

தெருக்காரர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்கும் முதலாளி மாணிக்கவேல், அன்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"எடுத்ததும் புடவை எப்ப முடியும்னுதான் கேப்பாரு," என்றாள் தெய்வநாயகி.

"முடிஞ்சிடுச்சின்னு சொல்றேன்."

"பாதிகூட நெய்யலடி!"

"ஓடிபி சொல்ற வரைக்கும் முடிஞ்சிடுச்சும்மா."

ஜெயப்ரியா போனைக் காதில் வைத்தாள். முதல் தடவை முழுக்க அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ஹேமநாத்தின் திரையில் நான்கு நிமிடம் மீதியிருந்தது. மூன்றாவது தடவையாக மணி அடித்துக்கொண்டே இருந்தது.