சும்மா வந்த மெர்ச்சண்டைசர்

1. எந்த லாட்டுல கம்ப்ளெயின்ட்டு?

கந்தசாமி அண்ணனின் பிரிண்டிங் யூனிட்டுக்குள் நான் வெறுங்கையோடு நுழைந்த அன்று, அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கையில் இருந்த ஸ்கிரீனைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எந்த லாட்டுல கம்ப்ளெயின்ட்டுங்க?" என்று கேட்டார்.

"கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லண்ணே. சும்மாதான் வந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பீஸ் மொத்தமும் ரிஜெக்ட் ஆகிவிட்டது, அதைப் பக்குவமாகச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். டீ வந்தது. குடித்தோம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "என்ற புள்ளைங்க படிப்பப் பத்தி நீங்க இத்தன வருசத்துல ஒரு நாளும் கேட்டதில்லீங்களே" என்றார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிப்போடுங்க ஜெயராஜு தம்பி" என்றார்.

இதெல்லாம் இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் "நெட்வொர்க்கிங் எப்படி சார் பண்றது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

2. நிற்காத கால்

மெர்ச்சண்டைசர் என்றால் என்ன என்று எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "நீ துணி தைக்கியாலே?" என்பாள். இல்லை. "விக்கியா?" அதுவும் இல்லை. வெளிநாட்டுக்காரன் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்தால், அது கப்பல் ஏறும் வரை அதன் பின்னால் ஓடுகிறவன் மெர்ச்சண்டைசர். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் வேறோரிடம். எல்லாம் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க். எல்லோரிடமும் எங்களைப் போல நாற்பது பேருடைய வேலை குவிந்து கிடக்கும். நம் லாட்டை, அதாவது நம் துணியை, முதலில் ஓட்ட வைக்க வேண்டும்.

அதற்கு ஊரே பழகி வைத்திருந்த வழி பொய்த் தேதி. இருபதாம் தேதி வேண்டுமானால் பத்தாம் தேதி என்போம். யூனிட்காரருக்கும் அது தெரியும். "பத்துன்னா இருவதுன்னு அர்த்தம்" என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டுக்குக் கொடுப்பார். அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆகவே அடுத்த முறை ஐந்தாம் தேதி என்போம். இப்படி இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பாமலே வேலை ஓடிக்கொண்டிருந்தது.

இதில் நிம்மதியாக இருக்க முடியுமா? நான் சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டேயிருக்கும். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அந்த வருடம்தான் மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து திருப்பூருக்குக் கூட்டி வந்திருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. வேலை போனால் திரும்பிப் போக ஊரில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆடிய கால் இன்னும் வேகமாக ஆடியது.

3. சின்னவர் சொன்னது

எங்கள் முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். பெங்களூருவில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து மெர்ச்சண்டைசர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"நம்ம ரிலேஷன்ஷிப் எல்லாம் வெறும் வேலைக்கான பேச்சாவே இருக்குதுங்க. வேலை இருந்தாத்தான் போறோம், முடிஞ்சா திரும்பிப் பாக்கறதில்ல. இனி வாரத்துல மூணு பேரையாச்சும் சும்மா போய்ப் பாக்கோணும். வேலையப் பத்திப் பேசவே கூடாது. அவங்க குடும்பம், உடம்பு, அந்த மாதிரி. அதான் நெட்வொர்க்கிங்."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பைக்கை எடுத்தோம். நிட்டிங்காரரைப் பார்த்தோம், டையிங்காரரைப் பார்த்தோம், கந்தசாமி அண்ணனைப் பார்த்தோம். போன இடமெல்லாம் குடும்ப நலம் விசாரித்தோம். எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

4. பேக்கரியில் கேட்ட செய்தி

ஒரு மாதம் போயிருக்கும். அவிநாசி ரோட்டுப் பேக்கரி ஒன்றில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ எங்கள் கம்பெனிப் பெயரைச் சொன்னார்கள். காது தானாகத் திரும்பியது.

"கை மாறுதாமா."

"மூடறாங்கன்னு கேள்விப்பட்டனே."

"அதேதானுங்க. மெர்ச்சண்டைசருக அல்லாரும் வெறுங்கையோட யூனிட் யூனிட்டாச் சுத்தறாங்களாமா. வேற எடம் பாக்கறாங்க."

யோசித்துப் பார்த்தால் அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. இந்த ஊரில் மெர்ச்சண்டைசர் துணி இல்லாமல், சலான் இல்லாமல், சண்டை இல்லாமல் ஒரு யூனிட்டுக்குள் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். வேலை தேடுகிறான். ஒரே கம்பெனியின் மூன்று பேரும் அப்படி வந்தால், கம்பெனியே முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "ஊட்டக் காலி பண்றீங்களாமா தம்பி?" என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வதந்தியோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கையில் அப்போது ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. குழந்தைகள் டி-ஷர்ட், நெஞ்சில் கரடிக் குட்டி பிரிண்ட். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு நாங்கள் செய்யும் முதல் வேலை. கப்பலைத் தவறவிட்டால் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் கம்பெனி எழுந்திருக்காது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு நிஜமாகவே ஆகிவிடும்.

டையிங்காரருக்குப் போன் போட்டேன். "துணி இன்னும் காயலீங்க" என்றார். நேரில் போனால் எங்கள் துணி காய்ந்து, கட்டி, ஓரமாகக் கிடந்தது. அதன் மேல் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தசாமி அண்ணனோ எங்களுக்கு ஒதுக்கிய பிரிண்டிங் டேபிளை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மூடப்போகிற கம்பெனியின் வேலையை எவன் முதலில் ஓட்டுவான்? நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அது தெரிந்ததும் கோபம் இன்னும் அதிகமானது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

5. சரஸ்வதி அக்கா

நான் 'சும்மா' போகாத யூனிட் ஒன்று இருந்தது. சரஸ்வதி அக்காவின் காம்பாக்டிங். சாயம் போட்டு வந்த துணியைச் சூட்டில் அமுக்கி, சுருக்கமும் எடையும் சரிசெய்கிற இடம். கணவர் வீட்டார் பரம்பரையாக நெசவு, முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் மெஷினை ஓட்ட மாட்டார்கள். யூனிட்டை நடத்தியது அக்காதான். அவர் என்னைவிட வயதில் சிறியவராகக்கூட இருக்கலாம். நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார், இருவரும் சரிபார்த்துக்கொள்ளவில்லை.

அங்கே சும்மா போக எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. எப்போதும் சண்டை. துணியை வட்டமாக வெட்டி எடை போட்டுப் பார்ப்பேன். ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு, குறையும். "என்னக்கா, காத்தா இருக்கு துணி" என்பேன். "உங்க நிட்டிங்காரர் நூலக் கொறச்சுப்போட்டு வந்தா நான் என்ன பண்ணட்டும்? அப்பறம், பேசறப்ப ஒரு 'ங்க' போட்டா வாயி தேஞ்சா போயிரும்?" என்பார். என் தெற்கத்திப் பேச்சு அவருக்கு எப்போதும் சண்டைக்கு வருவது போலத்தான் கேட்கும். பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஆனால் அவரிடம் மட்டும் நான் பொய்த் தேதி சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் எங்கள் லாட் அவருடைய மெஷினில் ஏறப் போகிற நேரம், பையர் கப்பல் தேதியைத் தள்ளிவைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பக்கத்தில் வேறு கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருவர் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்துவிட்டது: "அக்கா, நம்மளது அவசரம் இல்ல. அவரத ஓட்டுங்க."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவசரமில்லைன்னு ஒரு மெர்ச்சண்டைசர் வாயில இருந்து இப்பத்தான் கேக்கறனுங்க" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் பொய்த் தேதி சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நேரம் இருந்தால் இருக்கிறது என்பேன். இல்லையென்றால் இல்லை. மற்றபடி சண்டை வழக்கம்போல நடந்தது.

துணி ஓரத்தில் கிடக்கும் விவரம் தெரிந்த அன்று நேராக அவரிடம்தான் போனேன். உட்காரவில்லை, உட்கார முடியவில்லை.

"கம்பெனிய மூடறாங்களாமா தம்பி?"

"இல்லக்கா."

"வேற எடம் பாக்கறீங்களாமா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல." சின்னவரின் நெட்வொர்க்கிங் கதையைச் சொன்னேன். அக்கா சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிரிப்பு நின்றது. "எப்பத்துக்கு வேணும்?" என்றார். தேதியைச் சொன்னேன். ஒரு நாள்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. போனை எடுத்து டையிங்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஜெயராஜு லாட்ட இன்னைக்கே அனுப்பிப்போடுங்க. நான் மெஷினக் காலி பண்ணி வெக்கறேன். மூடறாங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஓடிப்போறவன் போன வாரம் வந்து ஜிஎஸ்எம்முக்கு என்கூட மல்லுக்கட்டுவானுங்களா? விட்டுப்போற கம்பெனித் துணி எப்படி இருந்தா அவனுக்கு என்னங்க?"

துணி சாயங்காலத்துக்குள் வந்து இறங்கியது. எனக்குப் பாதி உயிர்தான் வந்தது. கந்தசாமி அண்ணனின் டேபிள் இன்னும் பாக்கி.

"அவருக்கும் ஒரு போன் போடுங்கக்கா."

"அவருக்கு நான் சொல்லி ஆகாது. நீங்களே போங்க. போய் உக்காந்து டீ குடிக்காதீங்க. சண்டை போடுங்க."

6. கரடியின் மூக்கு

சண்டைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் அடித்துத் தந்த மாதிரிப் பிரிண்ட் என் பையில் இருந்தது. அதைக் கந்தசாமி அண்ணன் முன்னால் விரித்தேன்.

"என்னண்ணே இது? கரடிக்கு மூக்கு கன்னத்துல இருக்கு."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க."

"சரியா? கலருக்குக் கலர் ஒக்காரவே இல்ல. இத பையர் பாத்தா என் மூக்க அறுத்துருவான். ஸ்கிரீன மாத்துங்க. மாத்திட்டு எனக்கு முன்னாடி ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன்."

அவர் குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பிரிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாதமாக நலம் விசாரித்து விசாரித்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கரடியின் மேல் போய் இறங்கியது. நடுவில் சட்டென்று கந்தசாமி அண்ணன் நிறுத்தினார். என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்ப கம்பெனி ஓடுதுங்களா?"

"ஓடாம? மூடப்போறவன் கரடி மூக்குக்கா இந்தக் கத்து கத்துவான்?"

அவர் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "இப்பத்தானுங்க எனக்கு நிம்மதி. அன்னைக்கு நீங்க புள்ளைங்களப் பத்தி விசாரிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க." பிறகு உள்ளே திரும்பி, அந்த டேபிளைக் காலி பண்ணச் சொன்னார்.

ஷிப்மென்ட் கப்பலில்தான் போயிற்று. கரடிக்கு மூக்கு மூக்கிருக்கும் இடத்திலேயே இருந்தது. சின்னவரிடம் நடந்ததைச் சொன்னோம். முதலில் முகம் சுருங்கியது, பிறகு அவரும் சிரித்தார். அவர் சொன்னது முழுத் தப்பு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் நாங்கள். ஆனால் வேலையை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் உறவு தேடியது உதவவில்லை. எங்களுக்குள் இருந்த உறவே அந்த வேலைதான். நேரம் இருக்கும்போது இருக்கிறது என்று சொல்வது, துணி சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வது, சொன்ன தேதியில் நிற்பது. விசிட்டிங் கார்டு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒருவரிடமாவது "நம்மளது அவசரமில்ல" என்று சொல்லிப் பாருங்கள்.

7. பரவாயில்லக்கா

சில வருடங்கள் கழித்து எனக்கு வேறு கம்பெனியில் நல்ல வேலை அமைந்தது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றிருந்தேன். மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் ஒரு லாட் விஷயமாகச் சரஸ்வதி அக்கா யூனிட்டுக்குப் போனேன். வட்டமாக வெட்டி எடை போட்டேன். ஜிஎஸ்எம் கொஞ்சம் குறைந்தது. தள்ளிவிடும் அளவுக்கு இல்லை, ஆனால் மற்ற நாளாக இருந்தால் அரை மணி நேரம் கத்தியிருப்பேன். அன்று மனம் அங்கே இல்லை.

"பரவாயில்லக்கா, அனுப்பிருங்க" என்றேன்.

அக்கா மெஷின் பக்கம் போய் சுவிட்சை அணைத்தார். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, நான் வெட்டிய வட்டத் துணியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பங்க கெளம்பறீங்க தம்பி?" என்று கேட்டார்.