எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சரின் கார்

என் வீட்டுக்காரர் சுரங்கத்து வண்டிப் பட்டறையில் ஃபிட்டர். மண் ஏற்றும் பெரிய டம்பர்களின் கியர்பாக்ஸைப் பார்ப்பவர். அந்த வண்டிகளில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். இதை எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சருக்கு யார் சொன்னார்களோ, ஒருநாள் சாயந்திரம் எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

"சார், ஒரு நிமிஷம் நம்ம வண்டியைப் பாக்கறீங்களா? இதுவும் ஆட்டோமேட்டிக்தான்."

அந்த ஒரு நிமிஷம் ஒரு மாசத்துக்கு நீண்டது.

டீச்சருக்கும் என் வயதுதான் இருக்கும். அவருடைய கணவர் வடக்கே ஒரு புராஜெக்டில் இருந்தார். அந்தப் பழைய காரைத் தானே ஓட்டிப் பள்ளிக்குப் போவார். பேச ஆரம்பித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நான் கம்மாபுரத்தில் பத்தாவது வரை படித்தவள். வெளியாள் எதிரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது.

காரில் இருந்த கோளாறு இதுதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வரும். இவர் எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. புது ஆயில் ஊற்றினார். சில நாளில் அதுவும் கருகியது.

"நான் ஓட்டினா நல்லாதான் ஓடுது. அவங்க ஓட்டினாதான் இழுக்க மாட்டேங்குது" என்றார் என்னிடம்.

அதனால் டீச்சர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்க வேண்டியிருந்தது. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆயில் படுகிற வேலைக்கு எதற்குச் சலவைச் சட்டை? என்னிடம் பேசுவதெல்லாம் சாப்பாடு, துண்டு, ஃபேனைக் குறை, அவ்வளவுதான். அந்தக் காருக்குள் மட்டும் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுவார். நான் கொடியில் துணி எடுக்கிற மாதிரி நின்று, கார் வாட்டர் டேங்க் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்ப்பேன். வயிறு எரியும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "கியர்பாக்ஸை இறக்கணும் போலருக்கு. சென்னையிலதான் பாப்பாங்க. நானும் கூடப் போகணும். ரெண்டு நாளாகும்."

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

"போங்களேன். பின்னாடி ரெண்டு பக்கமும் செவப்பு வெளக்கு ஏத்திக்கினு தெனமும் ஊர்கோலம்தான போறீங்க. இங்க பத்தலைன்னா சென்னைக்கும் போங்க."

சோற்றில் இருந்த கை நின்றது. "என்ன வெளக்கு?"

"காருக்குப் பின்னாடி எரியுதே, அதான்."

"அது பிரேக் புடிச்சா எரியறது."

"நம்ம கேட்டுலேர்ந்து வாட்டர் டேங்க் வரைக்குமா பிரேக் புடிப்பாங்க? அணையவே இல்லையே."

"நான் ஓட்டுறப்போ?"

"நீங்க ஓட்டினா எரியறதில்ல."

"அதான் வீல் அப்படிச் சுடுது. நான் பழைய வண்டின்னு விட்டுட்டேன். முன்ன ஓட்டின வண்டில கிளட்ச் மிதிச்ச பழக்கத்துல எடது காலை பிரேக் மேலயே வச்சிருக்காங்க. பிரேக் பிடிச்சு இழுக்க, எஞ்சின் முட்டித் தள்ள, ஆயில் வேகாம என்ன செய்யும்?" பிறகு, "நீ எதுக்கு அதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"துணி எடுக்க வந்தேன்."

"தெனமுமா?"

"பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. நீங்க பாக்கலையா?"

"ஒரு பொம்பளை காலை எப்படிப் பாக்கறது?" என்று எரிந்து விழுந்தார். அந்த வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி வரவில்லை. காலைப் பற்றி டீச்சரிடம் போய்ச் சொல்லவும் அவருக்குக் கூச்சம். என்னையே சொல்லச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டு வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

"அய்யோ அக்கா, ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க! அப்ப எடது காலை என்னதான் பண்றது?"

"சும்மா வச்சிருக்கணுமாம்."

"நம்ம காலு என்னைக்கு அக்கா சும்மா இருந்திருக்கு?" என்று சிரித்தார். சிரிப்புகூட அவருக்கு அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

இவர் மறுபடி புது ஆயில் ஊற்றினார். கார் இழுத்தது. சென்னைப் பயணம் நின்றது. டீச்சர் தெரு முழுக்க, "சார் கை வச்சா தப்பாது" என்றார். விளக்கைப் பார்த்தது யார் என்று இவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் சாயந்திரம் இவர் முகம் கழுவி, சட்டையைப் போட்டார். எங்கும் போக வேலையில்லை என்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல, பொத்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கூப்பிடாத ஒரு காருக்காக அவர் முகம் அப்படி வாடியதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அவங்ககிட்ட அவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?"

"கியர்பாக்ஸ் பத்திதான். உனக்கெதுக்கு அது?"

"சொல்லுங்க."

"புரியாதே உனக்கு."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"தெரியல. தலையாட்டினாங்க" என்றார்.

நான் தலையாட்டவில்லை. அவர் காலி டம்ளரையும் டபராவையும் எதிரெதிரே பிடித்து, உள்ளே ஆயில் எப்படிச் சுற்றும் என்று காட்டத் தொடங்கியதும், புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.