பதினான்காம் தறியின் கார்டு

ஆலையில் சங்கு ஊதுவது அவருடைய வேலை. ஊரே அவரைச் சங்குக்காரர் என்றுதான் அழைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே நினைவு வரும். தான் கூவித்தான் பொழுது விடிகிறது என்று கோழி நினைப்பதுபோல, தான் கம்பியை இழுத்தால்தான் ஊர் எழும் என்று முப்பத்தோரு வருஷம் நம்பினார். வெளிநாட்டுக் கடிகாரம் கட்டிய மேஸ்திரியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்த மனிதர். நாட்டுப்பற்றைச் சிலர் சட்டையாக மாட்டிக் கழற்றுவார்கள். இவருக்கு அது தோலோடு வந்தது.

ஒரு வருஷம் அண்டை நாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. தேசியக் கட்சியில் அப்போதுதான் பெரிய ஆளாகியிருந்த முதலாளி, ஆலை முற்றத்தில் கொடியேற்றி ஒரு வேண்டுகோள் வைத்தார். எட்டு மணிக்குத் தொடங்கும் வேலையை ஏழுக்கே தொடங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நாட்டுக்குக் காணிக்கை, கூலி கிடையாது. முதலாளி தன் பங்காக என்ன தருகிறார் என்று கேட்கத் துணிந்த ஓரிருவரும் வாயைத் திறக்குமுன் சங்குக்காரர் எழுந்து கைதட்டிவிட்டார். அதோடு நின்றாரா? ஒரு யோசனையும் சொன்னார். அந்த நேரத்துக்குக் கார்டைப் பஞ்ச் செய்ய வேண்டாம், கொடுத்ததை எழுதி வைத்தால் அது காணிக்கை ஆகுமா என்றார். வாசலில் இருந்த கடிகாரப் பெட்டியில் கார்டைச் செருகினால் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அச்சாகும். அன்றிலிருந்து ஏழு மணிக்கு வந்தவர்கள் எட்டு மணிக்கு வரிசையில் நின்று பஞ்ச் செய்தார்கள். பெருமையாகத்தான் செய்தார்கள்.

தங்கை புருஷன் மட்டும் முனகினான். பதினான்காம் தறி அவனுடையது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற நேரம் என்றான்.

"நாட்டுக்கு ஒரு மணி நேரம் தர மனசில்லையா மாப்பிள்ளை?" என்று சங்குக்காரர் நாலு பேர் முன்னால் கேட்டார். அதற்குப் பிறகு அவன் முனகவில்லை.

பதினோராம் தேதி காலை ஏழு இருபதுக்குத் தறியின் பெல்ட் அவனை இழுத்தது. அங்கேயே உயிர் போனது. ஆபீஸில் கார்டை எடுத்துப் பார்த்தார்கள். அன்றைய வரி வெறுமையாக இருந்தது. எட்டு மணிக்கு முன் ஆலை ஓடவே இல்லை, தானாக நுழைந்து தானாக மாட்டிக்கொண்டான் என்று காகிதம் தயாரானது. அந்த மணி வேலை நேரம் என்று ஆனால்தான் தங்கைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நஷ்ட ஈடு. ஊர் முழுக்கக் கேட்ட ஏழு மணிச் சங்கை யாராவது இல்லை என்று சொல்ல வேண்டுமே? முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு போடச் சங்குக்காரரையே கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் எழுதினால் நாட்டின் மானம் போகும் என்றார் மேனேஜர். சங்குக்காரர் கையெழுத்துப் போட்டார். வெட்கக்கேடு. அவர் பக்கம் நின்று பேச இதில் ஒன்றுமில்லை.

மறுநாள் ஏழு மணிச் சங்கு ஓய்ந்ததும் பதினான்காம் தறி ஓடத் தொடங்கியது. சுவிட்சை யாரும் தொடவில்லை. இழையை ஓட்டும் நாடா அங்குமிங்கும் பாய்ந்தது. இழை அறுந்தபோது தறி நின்று காத்திருந்தது. காற்றில் மெல்ல ஒரு முடிச்சு விழுந்தது. இடக்கை முடிச்சு, அவன் போடுவது. எட்டு மணிக்கு எல்லாம் அடங்கியது. பக்கத்துத் தறிக்காரி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. எலெக்ட்ரீஷியன் வயரைக் கழற்றிப் போட்டார், அப்படியும் ஓடியது. பயந்ததெல்லாம் தொழிலாளிகள்தான். மேனேஜர் துணியைத் தடவிப் பார்த்து முதல் தரம் என்றார். நான்காம் நாள் அந்தத் தறியில் ஒரு சின்னக் கொடியைக் கட்டி, இறந்தும் தருகிறார், இருப்பவர்கள் தயங்கலாமா என்று பலகை மாட்டினார்கள். காணிக்கை இரண்டு மணி நேரம் ஆகப் போகிறது என்று பேச்சு கிளம்பியது.

பத்தொன்பதாம் தேதி மாலை தங்கை அவர் வீட்டு வாசற்படியில் வந்து நின்றாள். சாவுக்குப் பிறகு அவரோடு அவள் பேசியிருக்கவில்லை.

"துவைச்சு மாட்டின சட்டைண்ணே. தினமும் காலையில எட்டு மணிக்குத் தொட்டா வேர்வையில நனைஞ்சிருக்கு."

அவர் பாயை விரித்தார், அவள் உள்ளே வரவில்லை.

"நாடு நாடுன்னு சொல்லுவியே. அந்த நாட்டுல நாங்க இல்லையா?"

அவள் போன பிறகு அவர் அழுதார். நாட்டை அவர் விரும்பியது பொய்யில்லை. ஆனால் அந்த நாட்டில் கொடி இருந்தது, ஆலை இருந்தது, முதலாளி இருந்தார். நாலு தெரு தள்ளி இருந்த தங்கை வீட்டுக்கு இடமே விட்டிருக்கவில்லை.

இருபதாம் தேதி ஏழு மணிக்குச் சங்கை ஊதிவிட்டு நேரே வாசலுக்கு நடந்தார். மாப்பிள்ளையின் கார்டை எடுத்துக் கடிகாரப் பெட்டியில் செருகி அழுத்தினார். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார்.

"செத்தவனுக்கு எதுக்குய்யா கார்டு?"

"செத்தவன் நெய்ஞ்ச துணியை மடிச்சு எடுத்துக்கிட்டீங்களே சார். நேரத்தையும் எழுதிக்குவோம்."

கார்டைத் திருப்பிப் பார்த்தார். அழுத்தியது ஒரே தடவை. கார்டிலோ, ஒன்றாம் தேதி முதல் இருபதாம் தேதி வரை வரிக்கு வரி, உள்ளே வந்த நேரம், முன்பு எட்டு என்று அச்சாகியிருந்த நாட்களுக்கும், ஏழு என்று இருந்தது. வெளியே போன நேரம் முதல் பத்து நாளுக்கு ஐந்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கார்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மதியத்துக்குள் வேலை போயிற்று.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. தான் போட்டது பொய்க் கையெழுத்து என்று சங்குக்காரர் தானே போய்ச் சொன்னார். அவர் கதவில் துரோகி என்று எழுதினார்கள். அந்த வாக்குமூலமும் கார்டும்தான் தங்கையை ஜெயிக்க வைத்தன. காணிக்கை மணியும் அதோடு ஒழிந்தது. கடைசிவரை, எங்கே கொடி ஏறினாலும் அவர் எழுந்துதான் நின்றார். ஆனால் ஊர் இன்றும் பேசுவது வழக்கை இல்லை, கார்டைப் பஞ்ச் செய்த மறுநாள் காலை நடந்ததை.

முந்தின மாலை கார்டை வாங்கிப் பார்த்த தங்கை, காலியாக இருந்த கட்டங்களின் மேல் விரலை வைத்து, "அப்போ அவர் இன்னும் வெளிய வரலையா அண்ணே?" என்று கேட்டிருந்தாள். அதனால் விடிந்ததும் இருவரும் ஆலைக்குப் போனார்கள். வேறு யாரோ ஊதிய ஏழு மணிச் சங்கு ஓய்ந்தது. உள்ளே பதினான்காம் தறி ஓடத் தொடங்கியது. வாயிற்காவலர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். வெளியே போகும் நேரம் எந்தப் பக்கம் என்று அண்ணனிடம் கேட்டு, கார்டைச் செருகி, அவள் தன் கையாலேயே அழுத்தினாள்.

தறி நின்றது. ஏழேகால்கூட ஆகியிருக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, காலியாக இருந்த நடைபாதையைப் பார்த்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு அவள் நடந்தாள். வாயிற்காவலர் இரண்டு பேருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.