டிரங்க் ரோட்டில் கேழ்வரகு

சென்னையிலிருந்து தெற்கே போகிற வண்டிகளில் பெரும்பாலானவை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுத்தான் போகும். ஐம்பதுகளில் அந்த டிரங்க் ரோட்டின் நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் தார் இருந்தது. இருபுறமும் மண். எதிரே லாரி வந்தால் இரண்டு வண்டிகளும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி, உரசாமல் விலகும். அப்போது விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் செய்தியாளனாக இருந்தேன். திண்டிவனம் நீதிமன்றத்துக்கு வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்வருவேன்.

அறுவடைக் காலத்தில் அந்தத் தாருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. களமும் மாடும் இல்லாதவர்கள் கேழ்வரகுக் கதிரைக் கொண்டுவந்து சாலையில் பரப்புவார்கள். பஸ்களும் லாரிகளும் மேலே ஏறிப் போகப் போக மணி உதிரும். சாயங்காலம் கூட்டித் தூற்றி எடுத்துப் போவார்கள். முதலில் பரப்பியவருக்கு அந்த இடம் சொந்தம். ஓரத்தில் ஒரு கல் வைத்தால் போதும். டிரைவர்களும் ஹாரன் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து ஏற்றிப் போவார்கள். இது சட்டப்படி குற்றமா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். “குற்றந்தான். கேஸ யார் மேல போடறது? பரப்புனவன் மேலயா, ஏத்துனவன் மேலயா?” என்றார்.

ஒரு மாசி மாதக் காலை. அந்த மாதத்தில் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அன்று கிழக்கே வானம் கறுத்திருந்தது. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சாலை முழுவதும் கேழ்வரகு. வழக்கமாக ஆளுக்குக் கொஞ்சமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும். அன்று ஒரே விரிப்பாக நீண்டு கிடந்தது. பக்கத்தில் நீளமான கோலுடன் ஒரே ஒரு பெண். பஸ் மெதுவாக அதன்மேல் ஏறிப் போனது.

சிறிது தூரத்தில் வழி அடைத்திருந்தது. ஒரு சிறு பாலத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலைக்குக் குறுக்கே கருங்கல் அடுக்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்த லாரி ஒன்று, திரும்ப இடம் போதாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஓவர்சியர் எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“இன்னாய்யா, நீயுமா? ஒருத்தன் பின்னால ஒருத்தனா வந்து முட்டிக்கினு நிக்கிறீங்க! அங்க டிரம்மு வெச்சி, செவப்புத் துணி கட்டி, மண் ரோட்டுல போன்னு காட்டியிருக்கேனே, கண்ணு தெரியல?”

“எந்த டிரம்மு?” என்றார் எங்கள் டிரைவர்.

“ரெண்டு தார் டிரம்மு!”

“டிரம்மும் இல்ல, துணியும் இல்ல சார். கேப்பைதான் இருந்துச்சு.”

ஓவர்சியர் ஒரு கணம் யோசித்துவிட்டு சைக்கிளைத் தேடிப் போனார். லாரி ஒருவழியாகத் திரும்பிப் போனது. எங்கள் பஸ்ஸும் திரும்பியது.

அந்தப் பெண் லாரி ஏறிப்போன கதிரைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் விரிப்புக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, டிரம்ம எடுத்தது நீதானா?”

“நாந்தாண்ணே. பள்ளத்துல உருட்டி உட்டுட்டேன்.” மறைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. “உள்ள இருக்கிற கிராமத்துலேர்ந்து விடியக்காத்தால வந்து பாத்தா ரோடு பூரா காலி. ஒரு கல்லுகூட இல்ல. இன்னிக்கு நமக்கு அதிர்ஷ்டந்தான்னு மொத்தத்தையும் பரப்பிட்டேன். அப்புறம் ஒரு வண்டிகூட வர்ல. ரோட்ட அடைச்சது மத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது, எனக்கு யாரும் சொல்லல.”

“அள்ளிக்கினு வேற எடத்துக்குப் போறதுதானே?”

“வானத்தப் பாருங்கண்ணே. கதிரு நனைஞ்சா மொளச்சிப்பூடும். அடுத்த வெள்ளாமை வரைக்கும் புள்ளைங்களுக்குக் களி இதுதான்.”

கண்டக்டர் படியில் நின்றபடி சொன்னார்: “நல்லா இருக்குதும்மா. உன் கேப்பைய அடிக்க நாங்க டிக்கெட்டு போட்டு ஆள ஏத்திக்கினு வர்றமா?”

“போவச்சொல்ல ஒரு தடவ, திரும்பி வரச்சொல்ல ஒரு தடவ ஏறுதுண்ணே. நல்லாத்தான் உதிருது.”

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. பின்சீட்டுக்காரர் ஒருவர், “பாலத்தாண்ட ரோடு ரோலர் நிக்குதே, அதக் கேக்கறது?” என்றார்.

“காலையிலயே கேட்டேன். ஏத்துனா மாவாப்பூடும், அப்படியே களி கிண்டிக்கோன்னுட்டாரு அந்த ஆளு.”

என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குக் கோர்ட்டுல கேஸு. பேஜாரு புடிச்ச பஸ்ஸாப் போச்சு,” என்றார்.

டிரைவர் கீழே இறங்கினார். ஒரு பிடிக் கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பாதி மணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து, “கெட்டியாப் புடிச்சுக்குங்க,” என்றார்.

சக்கரம் இரண்டு தடத்தில்தான் படும். அதனால் ஒருமுறை இடது ஓரமாகப் போனார், பின்னோக்கி நடுவில் வந்தார், மறுபடி வலது ஓரமாகப் போனார். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் ஓடிவந்து கதிரைப் புரட்டினார். கடைசித் தடவை விரிப்பைக் கடந்து பஸ் நின்றபோது, சைக்கிளில் ஓவர்சியர் வந்து சேர்ந்தார்.

“டிரம்ம எவன் எடுத்தான்?”

“மாடு முட்டியிருக்கும் சார். பள்ளத்துல கெடக்குது,” என்றார் டிரைவர்.

ஓவர்சியரின் பார்வை சாலையோரக் கூடைக்குப் போனது. அதில் சிவப்புத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது.

“துணிய அவுத்து மடிச்சி வெக்கிற மாடு!” என்றார். முதல் தூறல் விழுந்தது. அவர் வானத்தையும் கேழ்வரகையும் பார்த்தார். “ஜல்தியா கூட்டி அள்ளும்மா,” என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார். டிரம்மைத் தூக்கிவைக்கக் கண்டக்டரையும் கூப்பிட்டார்.

நாங்கள் புறப்பட்டபோது பாதி மணி சாக்குக்குள் போயிருந்தது. மண் ரோட்டில் இறங்கிய சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. களிமண் குழைந்து, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கேஸ்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு தோள் கொடுத்தார். அவருடைய கேஸுக்கும் என் செய்திக்கும் இனி நேரமில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

முழங்கால்வரை சேறாக நின்ற கண்டக்டர் முன்பக்கம் பார்த்துக் கத்தினார்: “அந்தம்மா அள்ளி முடிச்சிருக்கும் இல்ல?”

“முடிச்சிருக்கும். நீ தள்ளு,” என்றார் டிரைவர்.